கை நனைக்காதவள்

தூத்துக்குடியில் ஏதாவது ஒரு ஹோட்டலுக்குள் போய், "எனக்குக் கோதுமை சேராது" என்று சொல்லிப் பாருங்கள். சர்வருக்கு முகம் மலர்ந்துவிடும். "கவலையே படாதீங்கக்கா, நம்ம கடைல கோதுமையே கிடையாது. எல்லாம் மைதாதான்" என்பார். செல்வராணி இந்தப் பதிலை ஊரில் பாதிக் கடைகளில் கேட்டிருக்கிறாள். மைதாவும் கோதுமைதான், ரவையும் கோதுமைதான், சேமியாவும் கோதுமைதான் என்று அவள் பொறுமையாக எடுத்துச் சொல்லுவாள். சர்வர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சுகராக்கா? சப்பாத்தி போடச் சொல்லட்டா?" என்று கேட்பார். யாருக்கு உடம்புக்கு என்ன வந்தாலும் சப்பாத்திதான் மருந்து என்று இந்த ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

அவள் பிறந்தது பலசரக்குக் கடைக்காரர் வீட்டில். அப்பா உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து வந்து மில்லர்புரத்தில் கடை போட்டவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மைதா மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். சனிக்கிழமை ராத்திரி அப்பா வாழையிலையில் கட்டிக்கொண்டு வரும் பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துத் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். அந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்திருந்தால் அவள் கதையே வேறு மாதிரி போயிருக்கும். பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், சுற்றிப் போட்டார்கள். இருபத்தெட்டு வயதில் அவள் எடை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எடையாக இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

அம்மா பிச்சம்மாள் திருச்செந்தூருக்குப் போய் நேர்ந்துகொண்டாள். "என் மக எந்திரிச்சு நடமாடினா, அவ ஆயுசுக்கும் கவிச்சி தொடமாட்டா முருகா" என்று. நேர்ந்தது அம்மா, நாக்கு மகளுடையது. அதே மாதம் திருநெல்வேலியில் ஒரு டாக்டர் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிட்டு, கோதுமைதான் இந்தப் பிள்ளையை அரித்துக்கொண்டிருக்கிறது, இனி ஒரு துளியும் கூடாது என்றார். கோதுமையை நிறுத்தினாள், உடம்பு தேறியது. டாக்டருக்கு ஃபீஸ் போனது, பெயர் முருகனுக்குப் போனது. நேர்ச்சையை மாற்றவா முடியும்? சீலா மீனும் நண்டும் இறங்குகிற ஊரில் இருந்துகொண்டு அவள் மீனை விட்டாள், முட்டையை விட்டாள். புண்ணான குடலுக்குப் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. தயிர், நெய், வெண்ணெய் என்று அதுவும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது.

துறைமுகத்துக் கன்டெய்னர்களுக்குக் காகித வேலை பார்க்கும் ஆபீஸ் ஒன்றில் அவள் சீனியர். கூட வேலை பார்க்கிற சின்னப் பெண் ஜெபசுதா ஒரு நாள் சொன்னாள், "அக்கா, நீங்க யாரு தெரியுமா? வீகன், குளூட்டன் ஃப்ரீ. பெங்களூர்ல இதுக்குன்னே தனி ஹோட்டல் இருக்கு. காச வாங்கிட்டுக் கும்பிட்டு அனுப்புவாங்க."

"இங்கன கும்பிட்டு மட்டும் அனுப்புதாங்க" என்றாள் செல்வராணி. ஆபீஸே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் முதலாளி எல்லோரையும் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனார். தலைவலி என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். இது அவளுக்குப் பழகிய தலைவலி. ஆனால் வழியில் கடைகளில் விளக்குப் போட்டு, கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ இழுக்கும். பரோட்டாவின் ருசிகூட மறந்து போய்விட்டது. உள்ளே எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறவர்களைத்தான் பார்ப்பாள். ஒருத்தர் இலையில் இருப்பதை இன்னொருத்தர் கேட்காமல் எடுத்துத் தின்பதும், "இன்னொன்னு சொல்லட்டா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்பதும் கண்ணாடி வழியே தெரியும். தனக்கு எதிரே அப்படி ஒரு ஆள் உட்கார்ந்து, அப்படி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. முப்பத்தொன்பது வயதில் இதை யாரிடம் சொல்ல முடியும்?

அம்மாவும் அப்பாவும் போனபின் அவள் அண்ணன் சிவனணைந்தபெருமாள் வீட்டில் இருந்தாள். அண்ணன் நல்லவன், பயந்தவன். மதினி ஜெயபிரியா கெட்டவள் இல்லை, ஆனால் எதையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரக்காரி. முன்பு வந்த வரன் ஒன்றில், "ஒரே ஒரு வாய் வையி, என்ன ஆயிரப் போவுது" என்று மதினி சொன்னதைக் கேட்டு, வந்தவர்கள் முன்னால் செல்வராணி கேசரி சாப்பிட்டாள். பாதிப் பேச்சிலேயே எழுந்து ஓட வேண்டியதாயிற்று. பெண்ணுக்கு ஏதோ சீக்கு என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். நோயைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது. கல்யாணம் முடிந்தபின் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த நிலையில்தான் தரகர் அய்யாக்குட்டி மந்திரமூர்த்தியின் வரனைக் கொண்டுவந்தார். வயது நாற்பத்தைந்து, மனைவி இறந்து வருஷங்களாகிறது, பிள்ளை இல்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறும் வலையும் விற்கிற கடை. முடிவுகளை எடுப்பவர் அக்கா வடிவம்மாள். வீட்டில் வைத்துப் பார்த்தால், ஒத்துவராவிட்டால் அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சைவ ஹோட்டலில் சந்திப்பது என்று பேசினார்கள். அழைப்பு மாப்பிள்ளை வீட்டாருடையது.

ஆறு பேரும் ஒரு பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணனும் தரகரும் மழை பெய்யாததைப் பற்றிப் பேசினார்கள். மந்திரமூர்த்தி எதிரே இருந்தார். உள்ளங்கைகள் கயிறு இழுத்துக் காய்த்துப் போயிருந்தன. கொஞ்ச நேரம் தண்ணீர் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு அவளைப் பார்த்து, "கப்பல் வரப் பிந்திச்சுன்னா பார்ட்டிக்காரங்க உங்களத்தான் ஏசுவாங்களோ?" என்று கேட்டார்.

"ஆமா. நான்தான் கப்பல ஓட்டிட்டு வாரேன்னு நெனச்சிக்கிடுவாங்க."

அவர் சிரித்தார். பல் தெரியாமல், தோள் மட்டும் குலுங்கி. சமைக்கத் தெரியுமா, வேலையை விடுவாயா என்று கேட்காமல் ஒருத்தர் இப்படிக் கேட்டது அவளுக்குப் பிடித்துப் போயிற்று. மனிதரையே பிடித்துப் போயிற்று என்று சொல்வதுதான் சரி. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை வரவழைக்க என்ன சொல்லலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தட்டுகள் வந்துவிட்டன.

வடிவம்மாள் எல்லோருக்கும் சேர்த்து ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். முதலில் கேசரி. நல்ல காரியத்துக்கு இனிப்பில்லாமல் எப்படி? ரவை, அதன் மேல் மிதக்கிற நெய், உச்சியில் ஒரு முந்திரிப்பருப்பு. செல்வராணிக்கு ஆகாத இரண்டையும் கிண்டி ஒரே கிண்ணத்தில் வைத்ததுபோல இருந்தது. மதினி மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தாள். அவள் ஸ்பூனைக் கையில் எடுத்தாள், கேசரியில் குத்தினாள், திரும்ப வைத்துவிட்டாள்.

"இனிப்புப் பிடிக்காதோ?" என்றாள் வடிவம்மாள்.

"பிடிக்கும். இப்பம் வேண்டாம்."

மந்திரமூர்த்தி அக்காவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சர்வரைக் கூப்பிட்டு, "அவங்களுக்கு ரெண்டு இட்லி கொண்டாங்க" என்றார். செல்வராணிக்குக் கண் கலங்கிவிட்டது. இட்லி! அரிசியும் உளுந்தும். தேங்காய்ச் சட்னி தொட்டுச் சாப்பிட்டுவிடலாம். இட்லி வந்தது, சூடாக, ஆவி பறக்க. அவள் கையை நீட்டினாள். அதற்குள் வாளியோடு வந்த இன்னொரு சர்வர் கேட்காமல் கொள்ளாமல் இரண்டு கரண்டி சாம்பாரை இட்லி தலையில் ஊற்றிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். சாம்பாரில் என்ன என்கிறீர்களா? பெருங்காயம். டப்பாவில் வருகிற கூட்டுப் பெருங்காயத்தில் முக்கால்வாசி மாவு, பெரும்பாலும் கோதுமை மாவு. பலசரக்குக் கடைக்காரர் மகளுக்கு அது தெரியாதா?

நீட்டிய கையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். வேறு இட்லி கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லக்கூடாது என்பது சட்டம். பிறகு காபி வந்தது. அதையும் அவள் தொடவில்லை. கிளம்பும்போது அவளுடைய பையின் வார் அறுந்தது. மந்திரமூர்த்தி சட்டைப் பையிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்து, வாரைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "இது அவுராது" என்றார். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

மறுநாள் அய்யாக்குட்டி போன் செய்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணாச்சி, அது சரிப்படாதுன்னு சொல்லுதாங்க. பொண்ணுக்கு இஷ்டமில்லையாம்."

"யாரு சொன்னா இஷ்டமில்லன்னு?"

"யாரும் சொல்ல வேண்டாமே. அந்தம்மா சொல்லுது, நாங்க கூப்பிட்டு வச்ச எடத்துல அந்தப் பொண்ணு கை நனைக்கல. அதுக்கு மேல நாங்க என்ன கேக்கன்னு."

இந்தப் பக்கத்தில் இது பெரிய வார்த்தை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் மனம் ஒத்துப் போனால்தான் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். இஷ்டமில்லை என்றால் வாயால் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டார்கள், கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார்கள். வீட்டுக்கு வீடு இருந்த வழக்கத்தை வடிவம்மாள் அப்படியே ஹோட்டலுக்குக் கொண்டுபோய்விட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவள் பார்த்தது கேசரியைக் குத்தி வைத்த பெண்ணை, தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்த இட்லியை ஒதுக்கிய பெண்ணை. மரியாதையாகச் சொல்லப்பட்ட மறுப்பு என்று எடுத்துக்கொண்டு மரியாதையாக விலகிவிட்டாள்.

"அண்ணே, நான் வேண்டாம்னு சொல்லலியே" என்றாள் செல்வராணி.

"இப்பம் போயி வெளக்கம் சொன்னா நோய மறைச்சோம்னு ஆகும்ளா" என்றாள் மதினி. "விடு. வேற பாப்போம்."

அண்ணன் போனைச் சார்ஜில் போட்டான்.

அவளால் விட முடியவில்லை. ஆபீஸில் கப்பல் பிந்துகிறது என்று யாராவது சத்தம் போட்டால் அந்தத் தோள் குலுங்கல் ஞாபகத்துக்கு வந்தது. பைக்குப் புது வார் தைக்கச் சொல்லி மதினி இரண்டு தடவை சொன்னாள், அவள் தைக்கவில்லை. அரசு உத்தியோகம் பார்க்கிறவர்களும் கார் வைத்திருப்பவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் முகமும் அவளுக்கு நினைவில்லை. இவர் ஒரு சாயங்காலம் எதிரே உட்கார்ந்தவர். அதுவும் அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு எங்கோ இருக்கிறார். ஒரு மனிதர் தன்னைப் பற்றி அப்படித் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. பிடித்திருக்கிறது என்று ஒரு தடவையாவது அவர் காதில் விழ வேண்டும். ஆனால் தானாகப் போய் ஆம்பிளையிடம் பேசினால் ஊர் என்ன பேசும் என்று பயந்து பயந்து ஆடி மாதமும் கழிந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பச்சை வலை மூட்டைகள், உள்ளே சுருள் சுருளாகக் கயிறு. மந்திரமூர்த்தி தராசுக்குப் பின்னால் தனியாக இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, உட்கார்ந்து, திரும்பவும் எழுந்தார்.

"வாங்க. உக்காருங்க. டீ சொல்லட்டா?"

"வேண்டாம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் நின்றபடியே சொன்னாள். மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்து, தலைகீழாக வந்தது. "எனக்குப் பால் ஆகாது. கோதுமை ஆகாது, ரவையும் அதுதான், மைதாவும் அதுதான். தின்னா எந்திரிக்க மாட்டேன். கவிச்சி எங்கம்மா நேர்ந்தது. அன்னைக்கு இட்லியில சாம்பார ஊத்திட்டாங்க, அதுல பெருங்காயம், அதுலயும் கோதுமை. வீட்ல சொல்லக் கூடாதுன்னாங்க. அதான் நான் கை நனைக்கல. உங்களப் பிடிக்காம இல்ல."

கடைசி வார்த்தையைச் சொன்னபிறகுதான் தெருவில் ஆட்கள் போவது அவள் கண்ணில் பட்டது.

மந்திரமூர்த்தி ஸ்டூலை இழுத்துப் போட்டார். "மொதல்ல உக்காருங்க" என்றார். அவள் உட்கார்ந்ததும் கேட்டார், "அப்போ என்ன சாப்பிடுவீங்க?"

இந்தக் கேள்வியை அவளிடம் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். 'அப்போ என்னத்தத்தான் திம்பே?' என்று, பாதி கேலியாக, பாதி பரிதாபமாக. இவர் கேட்டது வேறு. எத்தனை பாகம் நீளக் கயிறு, என்ன கனம் என்று படகுக்காரரிடம் விசாரிப்பதுபோல, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அவள் சொன்னாள். சோறு. கத்திரிக்காய் போட்ட புளிக்குழம்பு. முருங்கைக்கீரை, வாழைக்காய், சேனை. வீட்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. கம்பங்கூழ். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களி. பால் இல்லாத கருப்பட்டிக் காப்பி. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"எல்லாம் நல்ல சாப்பாடுதான. இதுல என்ன கஷ்டம் இருக்கு? பெருங்காயம் போடாம வச்சா நானும் அதையே சாப்பிட்டுப் போறேன். வீட்ல கோதுமையே வேண்டாம். வெளிய போனாலும் நாமளே ஒரு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. முகம் வாடிவிட்டது.

"அக்கா ஆறுமுகநேரில வேற எடம் பாத்துட்டா. போன வெள்ளிக்கிழம தாம்பூலம் மாத்தியாச்சு."

செல்வராணி "ம்" என்றாள்.

"எனக்கு அன்னைக்கே மனசு சம்மதமாத்தான் இருந்துச்சு. உங்களுக்கு இஷ்டமில்லன்னு அக்கா சொல்லவும் நானும் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். ஒரு வார்த்த போன் போட்டுக் கேட்டிருக்கணும்." தராசுத் தட்டைக் கையால் நிறுத்தினார். "இப்பமும் ஒண்ணும் கெட்டுப் போவல. நான் அக்காகிட்டப் பேசுதேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அவளுக்குச் சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வேறொன்றைக் கேட்டாள்.

"அவங்கள எங்க வச்சுப் பாத்தீங்க?"

"அதே ஹோட்டல்தான்."

"கேசரி சாப்பிட்டாங்களா?"

அவர் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "சாப்பிட்டாங்க. இன்னொரு தரம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டாங்க. அக்காளுக்கு ரொம்ப சந்தோசம்."

செல்வராணி அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவளை நன்றாகத் தெரிந்தது. அவளுக்கும் சின்ன வயதாக இருக்காது. நாலு பேர் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இந்த மனிதரைப் பார்த்ததும் மனசு நிறைந்து, வெட்கத்தை விட்டு இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். இப்போது வீட்டில் நாள் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிட உட்கார்ந்தவள் முன்னாலிருந்து இலையை இழுக்கச் சொல்லவா? தனக்கு எப்போதும் நடந்ததை இன்னொருத்திக்கு நடத்திவைக்க செல்வராணிக்குக் கை வரவில்லை.

"வேண்டாம்" என்றாள். "கை நனைச்சவங்கள எழுப்பக் கூடாது. உங்களுக்கு உண்மை தெரியணும்னுதான் வந்தேன். வாரேன்."

எழுந்து படியிறங்கினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ரோட்டில் ஐஸ் வண்டி ஒன்று தண்ணீர் ஒழுகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது, "செல்வராணி" என்று ஒரு தடவை, மெதுவாக, பெயரும் கேட்டது. அவள் திரும்பாமல் நடையை மட்டும் குறைத்துக்கொண்டாள். டீக்கடையைத் தாண்டி, வலை உலர்த்தியிருந்த சுவரைத் தாண்டி, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அவ்வளவு மெதுவாகவே நடந்தாள். அவர் இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். அந்த ஆறுமுகநேரிப் பெண்ணை மறந்து, அண்ணன் மதினி எல்லோரையும் மறந்து, ஓடியே போயிருப்பாள். அவர் கூப்பிடவில்லை. பஸ் வந்தது, அவள் ஏறிக்கொண்டாள்.